அந்த ஸ்டேஷன் யாருடையது? டிஸ்னி அனிமேட்டர்களின் பேண்டும் கொல்லைப்புற ரயிலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு குழு சேர்ந்து என்ன செய்கிறது என்ற பேச்சு வந்தாலே நிர்வாகம் வருடத்துக்கு ஒருமுறை அழைத்துப் போகும் சுற்றுலாவும், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கலந்துகொள்ள வேண்டிய விளையாட்டும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதைத் தாண்டி, தாங்களாகவே சேர்ந்து, தங்கள் காசில், தங்கள் நேரத்தில் பெரிதாக ஏதாவது செய்த ஒரு குழுவை எடுத்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அதற்கு 1940-களிலும் 50-களிலும் கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்த சில அனிமேட்டர்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர்களில் சிலர் ஜாஸ் பேண்ட் நடத்தினார்கள், சிலர் வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓட்டினார்கள், இரண்டையும் செய்தவர் ஒருவர், வார்ட் கிம்பல்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் "பொழுதுபோக்கிலிருந்து டிஸ்னிலேண்ட் பிறந்தது" என்ற இடத்தில் கொண்டுபோய் முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அவர்களுடைய வேலை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும், அது தெரியாமல் வேலைக்கு வெளியே அவர்கள் செய்தது எதுவும் புரியாது.

திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்துக்கொண்டால்கூட வினாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும், வேகமான அசைவு என்றால் 24. அனிமேட்டர் பென்சிலில் முக்கியமான நிலைகளை வரைவார், இடையில் வருவதை உதவியாளர்கள் நிரப்புவார்கள், அப்புறம் அது மை-வண்ணப் பிரிவுக்குப் போய் செல்லுலாய்டு தாளில் ஏறும், அதன் பிறகுதான் கேமரா. முழுநீளப் படம் ஒன்று முடிய வருடக்கணக்கில் ஆகும். இவ்வளவு பேர் கை பட்டு வெளியே வரும் படத்தில் ஒருவர் "இது என்னுடையது" என்று காட்டக்கூடியது சில நிமிடங்கள்தான், அதுவும் உறுதி கிடையாது. கிம்பல் 1934-ல் இருபது வயதில் ஸ்டூடியோவில் சேர்ந்தார். 1937-ல் வெளியான 'ஸ்னோ ஒயிட்' படத்துக்காகக் குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியைப் பல மாதம் உழைத்து வரைந்தார். காட்சி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கதையை நிறுத்திவிடுகிறது என்று வால்ட் டிஸ்னி அதை வெட்டிவிட்டார். கதையின் பக்கத்தில் நின்று பார்த்தால் வெட்டியது சரி என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அத்தனை மாத உழைப்பு, சம்பளம் வாங்கியாயிற்று என்ற ஒன்றைத் தவிர, எங்கும் இல்லாமல் போய்விட்டது. வேலையை விட்டுவிடும் எண்ணத்தில் முதலாளி அறைக்குப் போனவர், அடுத்த படத்துக்கான சில்வண்டுப் பாத்திரத்தைப் பொறுப்பாக வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இன்னொரு பின்னணியும் உண்டு. 1941 மே 29 அன்று ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளத்தில் ஒழுங்கில்லாமை, தொழிற்சங்க அங்கீகாரம், படங்களில் பெயர் போடாமை என்று பல காரணங்கள். கோடை முழுவதும் நீண்டது, கடைசியில் அரசாங்கம் தலையிட்டுத்தான் முடிந்தது, சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. கிம்பலும் சக அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் உள்ளேயே இருந்தார்கள், அவர்களுக்கு நெருக்கமானவர்கள் சிலர் வாசலில் மறியல் செய்தார்கள். எல்லோரும் ஒரே குடும்பம் என்ற பேச்சு அதோடு உடைந்தது. நான் சொல்லப்போகும் பேண்டும் ரயில் கூட்டங்களும் பெரும்பாலும் இந்த உடைசலுக்குப் பிறகு நடந்தவை. வேலைக்கு வெளியே சேர்ந்து வாசிப்பது சம்பளப் பிரச்சினையைத் தீர்க்காது, அவர்கள் யாரும் அப்படி நினைத்துச் செய்யவும் இல்லை.

பேண்ட்

மதிய இடைவேளையில் கிம்பலின் அறையில் சில பேர் கூடி நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் இசைத்தட்டுகள் போட்டுக் கேட்பார்கள், கூடவே தங்கள் வாத்தியங்களையும் வாசிப்பார்கள். கிம்பல் டிராம்போன், ஃபிராங்க் தாமஸ் பியானோ, கதை எழுதும் எட் பென்னர் டியூபா போன்ற கனத்த ஊதுகருவிகள், அனிமேட்டர் கிளார்க் மாலரி கிளாரினெட். ஒருநாள் இசைத்தட்டுக் கருவி பழுதாகி நின்றுவிட, இவர்கள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார்களாம், அப்போதுதான் நாமே நன்றாக வாசிக்கிறோமே என்று தெரிந்ததாம். கிம்பல் பிற்பாடு சொல்லிவந்த கதை இது, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், ஆனால் வாத்தியம் பழகிய யாருக்கும் நம்பக்கூடிய கதைதான். துணைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒலி நின்ற பிறகுதான் நம் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று நமக்கே கேட்கும்.

முதலில் வேறு வேறு பெயர்களில் வாசித்தார்கள். 1949-ல் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று சான் டியகோவுக்குப் போகும் ஊர்வலத்தில் வாசிக்க அழைத்தது. ஊர்வலத்தில் வருகிறவர்கள் எல்லோரும் பழைய வண்டியில்தான் வர வேண்டும், இவர்களோ ஏழு பேர், கூடவே டிரம்ஸும் டியூபாவும். எந்தக் காரில் ஏற்றுவது? கிம்பல் ஒரு 1914-ஆம் ஆண்டு தீயணைப்பு வண்டியைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டார். வண்டி கிடைத்ததும் சிவப்புச் சட்டை, தீயணைப்பு வீரர் தொப்பி, மணி, சைரன் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. பெயரும் மாறியது: ஃபயர்ஹவுஸ் ஃபைவ் பிளஸ் டூ. அதாவது தீயணைப்பு நிலையத்து ஐவர், கூட இருவர்.

அதே 1949-ல் லெஸ்டர் கோனிக் என்பவர் இவர்களைப் பதிவு செய்வதற்காகவே குட் டைம் ஜாஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தட்டுகள் விற்றன. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற மொகாம்போ இரவு விடுதியில் திங்கட்கிழமைகளில் வாசித்தார்கள், நடிகர் நடிகைகள் வந்து சார்ல்ஸ்டன் ஆடினார்கள். 1950 கிறிஸ்துமஸுக்கு டிஸ்னி முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி கொடுத்தபோது அதிலும் இவர்கள் இருந்தார்கள். பேண்டில் ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். டிரம்ஸில் சில காலம் உட்கார்ந்த ஜிம் மெக்டொனால்டு ஸ்டூடியோவின் ஒலி விளைவுப் பிரிவுக்காரர், அந்த நாட்களில் மிக்கி மவுஸுக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். கார்னெட் வாசித்த டேனி அல்கையர் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். பேஞ்சோ வாசித்த ஹார்ப்பர் கோஃப் ஆரம்பத்தில் டிஸ்னி ஊழியரே இல்லை, வேறு ஸ்டூடியோவில் அரங்க வடிவமைப்பாளர். 1951-ல் லண்டனில் ஒரு மாதிரி ரயில் கடையில் கோஃபும் வால்ட் டிஸ்னியும் ஒரே என்ஜினுக்கு ஆசைப்பட்டு எதிரெதிரே நின்றார்கள், அந்தச் சந்திப்பில்தான் வால்ட் அவரை வேலைக்கு அழைத்தார்.

இந்த இடத்தில் ஒரு குழுவுக்கு வரக்கூடிய மிகப் பெரிய சபலம் அவர்களுக்கு வந்தது. முழுநேரமாக இறங்கியிருந்தால் பேண்ட் சோறு போட்டிருக்கும். இறங்கவில்லை. பகலில் மேசை, மாலையில் பேண்ட் என்றே வைத்துக்கொண்டு, நாடு முழுக்கச் சுற்றும் பயணங்களைத் தவிர்த்து, 1970-களின் தொடக்கம் வரை ஓட்டினார்கள். இருபது வருடத்துக்கு மேல்! இதை நான் அவர்களுடைய மிக நல்ல முடிவாக நினைக்கிறேன். பேண்டை நம்பிச் சாப்பிட வேண்டிய நிலை வந்திருந்தால் எந்தப் பாட்டு விற்கும், எந்த ஊர் கூப்பிடும் என்ற கணக்கு உள்ளே வந்திருக்கும், அந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கத்தானே வாசிக்கவே உட்கார்ந்தார்கள். வரைந்த காட்சி அசைவதைக் கலர்ப் படமாகப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு, ஊதின அந்தக் கணமே கேட்கும் ஒரு சத்தம் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! அதை யாரும் அறைக்குள் கூப்பிட்டு வெட்ட முடியாது.

தோட்டத்து ரயில்

பேண்டுக்கும் முன்னால் தொடங்கியது இது. கிம்பலுக்கும் அவர் மனைவி பெட்டிக்கும் (அவரும் டிஸ்னியின் மை-வண்ணப் பிரிவில் வேலை பார்த்தவர்தான்) சான் கேப்ரியலில் ஆரஞ்சு மரங்களோடு ஒரு வீடு இருந்தது. ஒரு பழைய பயணிகள் பெட்டியை வாங்கிப் போட்டார்கள். ரயில்பெட்டி வந்தால் என்ஜின் வேண்டாமா? 1938-ல் நெவாடாவில் ஒரு ரயில் நிறுவனம் மூடப்பட்டபோது அங்கே துருப்பிடித்துக் கிடந்த 1881-ஆம் ஆண்டு நீராவி என்ஜினை 400 டாலருக்கு வாங்கினார்கள். பொம்மை அல்ல, நிஜமான என்ஜின், மூன்றடி அகலப் பாதையில் ஓடியது. அப்போது கிம்பலுக்கு வயது 24.

வாங்குவது சுலபம், ஓட வைப்பதுதான் பாடு. ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றிச் சுரண்டித் துடைத்து, கெட்டுப்போனதை மாற்றி, வர்ணம் பூசி, தோட்டத்தில் சில நூறு அடிக்குத் தண்டவாளம் போட்டு 1940-களின் தொடக்கத்தில் அதைக் கிளப்பினார்கள். சனி ஞாயிறுகளில் நண்பர்கள் வந்து கை கொடுத்தார்கள். என்ஜினுக்கு எம்மா நெவாடா என்று பெயர், அந்தப் பெயரில் ஓர் ஓபரா பாடகி இருந்தார். ரயிலுக்கு கிரிஸ்லி ஃபிளாட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு ஹவாயில் கரும்புத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன என்ஜினையும் வாங்கிச் சேர்த்து அதற்கு மகள் குளோயியின் பெயரை வைத்தார்கள்.

பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் இரும்பிடம் போனது ஏன் என்று நிறைய யோசித்தேன். தாளில் எதையும் செய்யலாம், சில்வண்டுக்குத் தொப்பி போடலாம், யானையைப் பறக்கவிடலாம். இரும்பு அப்படி விடாது. அழுத்தம் எகிறினால் பாய்லர் வெடிக்கும், அளவு ஒரு மயிரிழை தப்பினால் சக்கரம் தடம் புரளும். கற்பனையையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு இப்படி வளைந்து கொடுக்காத ஒன்றோடு மல்லுக்கட்டுவது ஓய்வு மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் பலர் தச்சு, மண், இயந்திரம் என்று போவதற்கும் இதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

1945-ல் ஒரு மாலை என்ஜினைக் கிளப்பும் விருந்துக்கு வால்ட் டிஸ்னியும் வந்தார். கிம்பல் அவரை என்ஜின் ஓட்ட விட்டார். ஸ்டூடியோவில் காட்சியை வெட்டச் சொல்லும் மனிதர், இங்கே ஊழியர் தோட்டத்தில் ஊழியர் அனுமதியோடு விசில் இழுத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிக முக்கியமான தருணம் இதுதான். அதிகாரம் அன்றைக்கு ஒழிந்துவிடவில்லை, திங்கட்கிழமை மறுபடி வந்துவிடும். ஆனால் ஒரு நாளாவது இடம் மாறி நின்றது, அதற்குக் காரணம் இடம் கிம்பலுடையது என்பதுதான்.

1948-ல் வால்ட் சோர்ந்துபோய் இருந்தார், எங்காவது போய் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். சிகாகோவில் ரயில் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. துணைக்கு யாரைக் கூப்பிடுவது என்று வந்தபோது அவர் கூப்பிட்டது கிம்பலை. இருவரும் ரயிலிலேயே போனார்கள், கண்காட்சியில் பழைய என்ஜின்களை ஓட்டிப் பார்த்தார்கள், திரும்பும் வழியில் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு உருவாக்கிய பழைய கிராமத்தையும் சுற்றிப் பார்த்தார்கள். அந்த ஆகஸ்ட் 31 தேதியிட்ட ஒரு குறிப்பில் வால்ட் ஒரு பூங்கா பற்றிய யோசனைகளை எழுதி வைத்தார். 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அதைச் சுற்றி மூன்றடிப் பாதையில் ரயில் ஓடியது.

இதற்கு நடுவில் ஆலி ஜான்ஸ்டன் தன் வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ரயில் கட்டத் தொடங்கியிருந்தார். அதைப் போய்ப் பார்த்த வால்டும் தன் வீட்டில் எட்டில் ஒரு பங்கு அளவில் கரோல்வுட் பசிபிக் என்று ஒரு பாதை போட்டார், சுமார் 800 மீட்டர் நீளம். என்ஜினுக்கு மனைவி பெயரில் லில்லி பெல். தோட்டத்தின் பாதை உரிமை பற்றி மனைவி மகள்களோடு ஓர் ஒப்பந்தப் பத்திரமே எழுதிக்கொண்டார், மனைவியின் பூச்செடிகளுக்குக் கீழே 90 அடிக்குச் சுரங்கமும் தோண்டினார். ஸ்டூடியோவின் இயந்திரப் பட்டறையில் ரோஜர் பிராகியிடம் உலோகத் தகடு வேலையும் மர வேலையும் பழகித் தானே சில பாகங்களைச் செய்தார். முதலாளி, தன் பட்டறையில் தன் ஊழியரிடம் பயிற்சியாளர். இங்கேயும் அதே இடமாற்றம்.

ஒரு விபத்தும் நடந்தது, இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1953-ல் என்ஜின் தடம் புரண்டு, வெளியேறிய நீராவி பட்டு ஒரு சிறுமிக்குக் காயம். வால்ட் ரயிலை நிறுத்திவிட்டார், என்ஜினைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். வேலைக்கு வெளியே செய்கிற எதுவும் தன்னாலேயே பாதுகாப்பாக இருந்துவிடாது. நண்பர்களின் பிள்ளைகள் ஏறி உட்காரும் வண்டி என்றால் பொறுப்பு கூடத்தான் செய்யும்.

லாபக் கணக்கு எங்கே தவறுகிறது

டிஸ்னிலேண்ட் ரயிலுக்கு லில்லி பெல்லின் வரைபடங்கள்தான் அடிப்படை, பெரிதாக்கிக்கொண்டார்கள். ஆகவே கொல்லைப்புறத்துக்கும் பூங்காவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதை வைத்து "ஊழியர்களின் பொழுதுபோக்கை ஊக்குவியுங்கள், வியாபார யோசனை கிடைக்கும்" என்று பாடம் எடுப்பது தலைகீழ். கிம்பல் என்ஜின் வாங்கிய 1938-ல் பூங்கா என்ற எண்ணமே எங்கும் இல்லை. பேண்டால் படங்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் 1953-ல் வந்த ஒரு கூஃபி குறும்படத்தில் தலைகாட்டியதும், பூங்காவில் அவ்வப்போது வாசித்ததும்தான். அதே வருடம் இசைக்கருவிகளின் வரலாற்றைப் பற்றிய ஒரு குறும்படத்தைக் கிம்பல் சேர்ந்து இயக்கினார், அதற்கு ஆஸ்கார் கிடைத்தது. டிராம்போன்காரர் கை அதில் இருந்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆஸ்காருக்காக யாரும் டிராம்போன் பழகுவதில்லை. பலனை எதிர்பார்த்து நிர்வாகம் முதல் நாளே உள்ளே நுழைந்திருந்தால், எந்த வண்டி, எந்தச் சட்டை, எத்தனை நாள் ஒத்திகை என்று அதுவே முடிவு செய்திருக்கும், ஆறு மாதத்தில் பேண்ட் கலைந்திருக்கும்.

அதற்குச் சாட்சிதான் தலைப்பில் சொன்ன ஸ்டேஷன். 1940-களின் கடைசியில் எடுத்த ஒரு படத்துக்காக அழகான சின்ன ரயில்நிலையம் ஒன்றை அரங்கமாகப் போட்டார்கள். படம் முடிந்ததும் வால்ட் அதைக் கிம்பலுக்குக் கொடுத்துவிட்டார். அரங்கம் என்றால் முகப்பு மட்டும்தானே, பின்னால் ஒன்றும் இருக்காது. கிம்பல் தன் செலவில் சுவர், கூரை எல்லாம் சேர்த்துக் கட்டி கிரிஸ்லி ஃபிளாட்ஸுக்கு ஸ்டேஷன் ஆக்கினார். டிஸ்னிலேண்ட் கட்டும்போது வால்ட் அதைத் திரும்பக் கேட்டார். கிம்பல் தர மாட்டேன் என்றார். வேறு வழியில்லாமல் அந்த வரைபடத்தை வைத்துப் பூங்காவில் இன்னொன்று கட்டினார்கள். நடந்தது அவ்வளவுதான், கிம்பலுக்கு வேலை போகவில்லை, நட்பும் போகவில்லை. 1955-ல் தொலைக்காட்சியில் வந்த விண்வெளிப் பயணம் பற்றிய படத்தை இயக்கும் பொறுப்பை வால்ட் அவரிடம்தான் கொடுத்தார். முதலாளி கேட்டும் 'இல்லை' என்று சொல்ல முடிந்தது, சொன்ன பிறகும் எல்லாம் ஓடியது. ஒரு குழுவின் வெளி வாழ்க்கை நிஜமா, அலுவலகத்தின் நீட்டிப்பா என்று தெரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியவில்லை.

பேண்டும் என்ஜினும் சத்தம் போடுகிற விஷயங்கள் என்பதால் கண்ணில் படுகின்றன. சத்தமில்லாத ஒன்று ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் நட்பு. ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது பழகியவர்கள், ஒரே ஸ்டூடியோ, பக்கத்துப் பக்கத்து வீடு, வேலைக்கு ஒரே காரில் பயணம். ஒருவர் பியானோ பக்கம், இன்னொருவர் ரயில் பக்கம். எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை, தாமஸ் 2004-ல் இறக்கும் வரை அந்த நட்பு இருந்தது. குழு என்றால் எல்லாருக்கும் ஒரே விருப்பம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள் இவர்களைப் பார்க்கலாம்.

இந்த நிகழ்வில் என்னை உறுத்தும் பக்கமும் உண்டு. பேண்ட் புகைப்படம் எதை எடுத்தாலும் ஏழும் ஆண்கள். அன்றைய ஸ்டூடியோவில் மை-வண்ணப் பிரிவில் பெரும்பாலும் பெண்கள், அனிமேஷன் வேலையில் பெரும்பாலும் ஆண்கள் என்றே பிரித்து வைத்திருந்தார்கள், சம்பளமும் அப்படித்தான். மதிய இடைவேளையில் யார் அறையில் யார் கூடுவது என்பதும் அந்தப் பிரிவினையை ஒட்டியே அமைந்தது. தோட்டத்து ரயில் இந்த விஷயத்தில் கொஞ்சம் வித்தியாசம், பெட்டி கிம்பல் அதில் ஆரம்பத்திலிருந்தே கூட்டாளி. ஆனால் என்ஜின்களுக்குப் பெண்கள் பெயர் வைத்த அளவுக்குப் பெண்களை ஓட்டுநர்களாகப் பதிவுகள் காட்டுவதில்லை. வேலைக்கு வெளியே அமைகிற குழு, வேலைக்குள் இருக்கும் வேலியைத் தானாகவே தாண்டிவிடாது. யாராவது நினைத்துத் தாண்ட வேண்டும், இவர்கள் நினைக்கவில்லை.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிம்பல் 1973-ல் ஓய்வு பெற்றார், 2002-ல் இறந்தார். அதற்கு முன்பே எம்மா நெவாடா உள்ளிட்ட வண்டிகளை கலிபோர்னியாவில் பெரிஸ் நகரிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார், இன்றும் அங்கே இருக்கின்றன. டிஸ்னிலேண்டின் ஐந்தாம் எண் என்ஜினுக்கு வார்ட் கிம்பல் என்று பெயர் வைத்து 2005-ல் ஓடவிட்டார்கள். கிரிஸ்லி ஃபிளாட்ஸ் ஸ்டேஷன் மட்டும் பூங்காவுக்குப் போகவே இல்லை. அது வட கலிபோர்னியாவில் இன்னொரு அனிமேட்டரான ஜான் லாசெட்டரின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே ஆலி ஜான்ஸ்டன் வைத்திருந்த பெரிய என்ஜினும் இருக்கிறது.